இந்த டிஸ்க்தானா?

பெண்கள் சிறை
8 செப்டம்பர் 2025

மேகலா,

நலமா என்று கேட்க மாட்டேன். உன் விரலை உடைத்தவள் நான். நானே கேட்டால் அது நக்கலாகிவிடும்.

எங்கள் வக்கீலின் குமாஸ்தா அரியமுத்து அண்ணன் கையெழுத்து வாங்க வருகிறார். அவருடைய காகிதக் கட்டுக்குள் இது வெளியே வரும். பதிலையும் அவரிடமே கொடு. செந்துறைக்காரர், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு.

விஷயத்துக்கு வருகிறேன். ஜாமீன் இரண்டு தடவை தள்ளுபடி ஆகிவிட்டது. வக்கீல் சொன்னார்: "கொலை முயற்சின்னு போட்டுருக்காங்கம்மா. அந்தப் பொண்ணு கூண்டுல ஏறி என்ன சொல்லுதோ அதான் உனக்குத் தீர்ப்பு." நான் அடித்தேன் என்று நீ சொன்னால் ஏழெட்டு வருஷம். மாடிப்படியில் விழுந்தேன் என்று சொன்னால் அன்றைக்கே ஜாமீன், வழக்கும் நிற்காது. அதனால் விழுந்தேன் என்று சொல்.

சும்மா கேட்கவில்லை. துறைமங்கலத்து மாடியறையில் நாம் மூன்று வருஷம் கட்டிய 'வெள்ளாறு' செத்துக் கிடக்கிறது. ஸ்கூலில் கொடுத்த பழைய இலவச லேப்டாப்பிலும் ஓட வேண்டும், யாரிடமும் கடன் வாங்கிய ஒரு வரிகூட இருக்கக் கூடாது என்று முதலிலிருந்து நாமே எழுதிய ஆபரேட்டிங் சிஸ்டம். சென்னைக் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்னால் அந்த டிஸ்க்கை அழித்தாய். தெரிந்தே அழித்தாய் என்று இப்போதும் சொல்வேன். என் பெயர் முன்னால் வந்துவிடும் என்று உனக்கு வயிற்றெரிச்சல்.

ஆனால் மெமரிப் பகுதி முழுக்க என் மண்டையில் இருக்கிறது. அது உனக்கு இந்த ஜென்மத்தில் வராது. கையால் எழுதி அனுப்புகிறேன். டைப் செய்து ஓட்டிக்கொள். கம்பெனிக்காரர்களைத் திரும்பக் கூப்பிடு. உனக்கு சிஸ்டம், எனக்கு விடுதலை.

புவனேஸ்வரி


செட்டிகுளம்
21 செப்டம்பர் 2025

புவனா,

இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், நீதான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நீ இருந்து பார்க்காததைச் சொல்கிறேன். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், மூன்றும் இரண்டிரண்டு இடத்தில் உடைந்திருக்கின்றன. உள்ளே தகடு வைத்து ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். ஆள்காட்டி விரல் இனி மடங்காதாம். மொத்தம் நாலு அடி. முதல் அடியில் வலி வரவில்லை. இரண்டாவது அடியில் எலும்பு நொறுங்குகிற சத்தத்தை நானே கேட்டேன். கீபோர்டு பட்டன்கள் தெறித்து மடியில் விழுந்தன. ஒரு பட்டன் ரத்தத்தோடு சுடிதாரில் ஒட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தது. நர்ஸ் அதைப் பல் என்று நினைத்து என் வாயைத் திறந்து பார்த்தாள்.

அன்றைக்கு, ஆகஸ்ட் 11ஆம் தேதி, மத்தியானம் நீ வேலை பார்க்கிற மொபைல் கடையிலிருந்து போன் செய்தாய். "புது சிஸ்டத்தை பென்டிரைவ்ல ஏத்தி வச்சுடுடி, சாயங்காலம் வந்து பாக்குறேன்" என்றாய். நீ எழுதி வைத்த ஸ்கிரிப்டைத்தான் ஓட்டினேன். பென்டிரைவில் எழுத வேண்டியதை அது லேப்டாப் டிஸ்க்கின் மேலேயே எழுதிவிட்டது. எப்படி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ வந்தாய், திரையைப் பார்த்தாய், கீழே இறங்கிப் போனாய். முகம் கழுவப் போகிறாய் என்று நினைத்தேன். பக்கத்தில் கட்டடம் கட்டுகிற இடத்திலிருந்து கம்பியோடு ஏறி வந்தாய்.

உன் பேரத்துக்குச் சம்மதம். ஆனால் மெமரிப் பகுதி மட்டும் போதாது. மெஷின் கண் விழிக்கிற முதல் செக்டாரிலிருந்து எல்லாவற்றையும் எழுது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது ஏன் என்றும் எழுது. ஒரே ஒரு பக்கம் ஏமாற்றினாலும் கூண்டில் ஏறி நாலு அடியையும் சொல்லிவிடுவேன்.

மேகலா


பெண்கள் சிறை
12 அக்டோபர் 2025

மேகலா,

முதல் முப்பத்தெட்டு பக்கம் இத்துடன் வருகிறது. வரிக்கு வரி ஏன் என்று எழுதச் சொன்னாய். டீச்சர் வேலைக்குப் போயிருக்கலாம் நீ.

மெஷினை ஆன் செய்ததும் அது டிஸ்க்கின் முதல் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டை மட்டும் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டும். அந்தச் சின்ன இடத்துக்குள் நின்றுகொண்டுதான் மீதி சிஸ்டத்தையே இழுத்து வர வேண்டும். இதற்கு சி மொழி தெரிந்தால் போதாது, மெஷினுடைய சொந்த பாஷைக்குப் பக்கத்தில் இருக்கிற அசெம்பிளி வேண்டும். அசெம்பிளி தெரிந்தாலும் போதாது, ப்ராசஸர் செய்தவன் போட்ட கையேட்டைப் படிக்கிற பொறுமை வேண்டும். நாம் ஒரு மழைக்காலம் முழுக்க அதைப் படித்தோமே, பொறுமை உன்னுடையது, புரிந்தது எனக்கு.

மெமரிப் பகுதி பக்கம் இருபத்தொன்றில் ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு புரோகிராமையும் முழு வீடும் தனக்கே சொந்தம் என்று நம்ப வைக்க வேண்டும். உண்மையில் எல்லோரும் ஆளுக்கொரு அறையில் வாடகைக்கு இருக்கிறவர்கள். ஒருத்தன் அடுத்தவன் அறைக்குள் கை விட்டால் அந்த இடத்திலேயே கொன்றுவிட வேண்டும். பாவம் பார்த்தால் மொத்த மெஷினும் விழுந்துவிடும். எனக்கு இந்தப் பகுதி ஏன் பிடிக்கும் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

இந்தப் பக்கங்களுக்கு நான் என்ன விலை கொடுத்தேன் என்றும் தெரிந்துகொள். கஞ்சா கேஸில் வந்த ஒருத்தி என் நோட்டிலிருந்து ஆறு தாளைக் கிழித்துக் கொசுவர்த்திக்குக் கீழே மடித்து வைத்தாள். கேட்டதற்குச் சிரித்தாள். அவள் முடியைப் பிடித்துத் தலையைக் குழாயில் மோதினேன். அவள் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பால் என் புருவத்தைக் கிழித்தாள். ஏழு தையல். ரத்தம் கண்ணுக்குள் இறங்க இறங்க அந்த ஆறு தாளையும் பொறுக்கினேன். பக்கம் பதினான்கில் இருக்கிற கறை அதுதான்.

அதற்கப்புறம் நோட்டைப் பார்த்த வார்டர் மேடம், "இது என்னடி சங்கேதம்? வெளியில எவனுக்கு ஆர்டர் போடுற?" என்றார். "மெஷினுக்கு மேடம்" என்றேன். அதற்கும் கன்னத்தில் ஒன்று விழுந்தது. அரியமுத்து அண்ணன் வழக்குக் குறிப்பு என்று சொல்லித்தான் வெளியே எடுத்து வருகிறார்.

அம்மா இரண்டு வாரமாகப் பார்க்க வரவில்லை. அரியமுத்து அண்ணனைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார். செந்துறையில் ஏதாவது நடந்ததா? உனக்குத் தெரிந்தால் மறைக்காதே.

புவனா


செட்டிகுளம்
2 நவம்பர் 2025

புவனா,

இதுவரை மொத்தம் தொண்ணூற்றாறு பக்கம் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒற்றைக் கையால் டைப் செய்தேன், நாலு நாளாக ஓட்டிப் பார்க்கிறேன். மெஷின் எழுந்து நிற்கிறது. ஆனால் கீபோர்டில் ஒரு எழுத்தைத் தட்டினால் அது ஒன்று மட்டும் திரையில் வருகிறது, அதற்குப் பிறகு எதைத் தட்டினாலும் அசையவில்லை. கீபோர்டு கூப்பிட்டால் நாம் போய்க் கேட்டுவிட்டு, கேட்டாயிற்று என்று திரும்பச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது அடுத்த தடவை கூப்பிடவே கூப்பிடாது. அந்த வரியை விட்டுவிட்டாய். நானே சேர்த்துக்கொண்டேன். அடுத்தவர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டேன் என்று ஒப்புக்கொள்கிற பழக்கம் உனக்கு எப்போதும் கிடையாது.

செந்துறையைப் பற்றிக் கேட்டாய். மறைக்கவில்லை. செப்டம்பர் கடைசியில் என் அண்ணன் அண்ணாதுரை, வெங்காயம் ஏற்றுகிற டாட்டா ஏஸில் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனான். உங்கள் அப்பா சுண்ணாம்புக்கல் லாரியை நிறுத்திவிட்டு அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தாராம். தட்டோடு இழுத்து வெளியே போட்டார்கள். உருட்டுக்கட்டையால் இடது முழங்காலில் அடித்திருக்கிறார்கள். தடுக்க வந்த உங்கள் அம்மாவை அண்ணன் தள்ளியதில் அவர் தோள்பட்டை இறங்கிவிட்டது. இரண்டு பேரும் அரியலூர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். இப்போது வீட்டில்தான். உங்கள் அப்பா இனி கிளட்ச் மிதிக்க முடியாது என்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயிலிருந்தாவது கேட்டால் நீ நம்ப மாட்டாய். அண்ணனுக்கு உங்கள் வீடு தெரியாது. பச்சை கேட், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி என்று நான்தான் அடையாளம் சொன்னேன். அந்த வீட்டில் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறேன் என்பது சொல்லும்போதும் ஞாபகம் இருந்தது.

மீதிப் பக்கங்களை அனுப்பு. வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டுகிற பகுதி இன்னும் வரவில்லை.

மேகலா


பெண்கள் சிறை
9 நவம்பர் 2025

அடி பாவி,

என் அம்மா உனக்கு மீன் குழம்பில் தலையை எடுத்து வைத்தவள். உனக்குக் காய்ச்சல் வந்தபோது செந்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து கஞ்சி வைத்தவள். அவள் தோளை இறக்கிவிட்டாயா?

நான் அடித்தேன். என் கையால் அடித்தேன், உன் எதிரில் நின்று அடித்தேன். நீ ஆள் விட்டு அடித்தாய், அதுவும் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த மனிதரை. நேற்று இரண்டு தடவை சுவரில் என் கையை ஓங்கி அடித்தேன். மூன்றாவது தடவை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சுவர் நீயாக இருந்திருக்க வேண்டும். நாலு அடியோடு நிறுத்தினேனே என்று வருத்தப்படுகிறேன். தலையில் ஒன்று போட்டிருந்தால் வழக்காவது அதன் பெயருக்குப் பொருத்தமாக இருந்திருக்கும்.

மீதிப் பதினாறு பக்கம் இதோ. வேலைகளை மாற்றி ஓட்டும்போது ஒருத்தன் பாதியில் விட்ட எல்லாவற்றையும் அப்படியே எடுத்து வைத்துவிட்டுத்தான் அடுத்தவனை உள்ளே விட வேண்டும். ப்ராசஸர் கையில் வைத்திருந்த ஒரு ரெஜிஸ்டரை எடுத்து வைக்க மறந்தாலும் திரும்பி வருகிறவன் பைத்தியமாகத்தான் வருவான். அனுப்பிவிட்டேன், என் பங்கு முடிந்தது. கூண்டில் ஏறி விழுந்தேன் என்று சொல். அதற்குப் பிறகு நான் வெளியே வந்து உன் அண்ணன் முன்னால் நிற்கிறேன்.

புவனேஸ்வரி


செட்டிகுளம்
20 நவம்பர் 2025

புவனா,

நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் என் மேஜையில் இருக்கின்றன. இனிமேல் நான் சொல்வதைக் கேள்.

இந்தப் பக்கங்களில் ஒன்றுகூட எனக்குத் தேவையில்லை. 'வெள்ளாறு' சாகவே இல்லை. ஜூலை 21ஆம் தேதி உனக்குத் தெரியாமல் மொத்தத்தையும் ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்து, எங்கள் வீட்டு பீரோவில் புடவைக்கு நடுவில் வைத்திருந்தேன். இன்டர்நெட்டில் போட்டு வைக்கலாம் என்றால் திருடிவிடுவார்கள் என்று கத்துவாய், வேறு யாரிடமும் ஒரு காப்பிகூட இருக்கக் கூடாது என்பாய். அதனால் சொல்லவில்லை. அன்றைக்கு அழுத அதிர்ச்சியில் அது எனக்கே ஞாபகம் வரவில்லை, நீ கீழே இறங்கிப் போன பிறகுதான் வந்தது. நீ மறுபடி மேலே ஏறி வந்தபோது "காப்பி இருக்குடி" என்று சொல்லத்தான் தலையைத் தூக்கினேன். வாயைத் திறப்பதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது.

பிறகு ஏன் எழுத வைத்தேன்? உன் விரல்கள் வலிக்க வேண்டும் என்றுதான். ஒவ்வொரு கட்டு வரும்போதும் எழுத்து எங்கே தடுமாறுகிறது, எங்கே கை ஓய்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். பதினான்காம் பக்கத்து ரத்தக் கறையைப் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே அருவருப்பாகவும் இருந்தது, ஆனாலும் அடுத்த கட்டுக்குக் காத்திருந்தேன். கீபோர்டு நின்று போனதெல்லாம் நிஜம்தான். நீ எழுதியதை உண்மையிலேயே டைப் செய்து ஓட்டினேன். உன்னிடம் தப்புக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற வெறி இருந்தது.

காப்பியில் உன் ஸ்கிரிப்டும் இருந்தது. கடைசியாகத் தெரிகிற டிஸ்க்கில் எழுது என்று அதில் போட்டிருக்கிறாய். எப்போதும் கடைசியில் பென்டிரைவ் இருக்கும். அன்றைக்கு பென்டிரைவ் சரியாகச் செருகாமல் இருந்திருக்கிறது, அதனால் மெஷினுக்குத் தெரிந்த கடைசி டிஸ்க் லேப்டாப்புடையது. ஆனால் ஜூலைக் காப்பியில் எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. டிஸ்க்கின் பெயரைக் காட்டி, "இந்த டிஸ்க்தானா?" என்று கேட்கும், ஆமாம் என்று டைப் செய்தால்தான் எழுதும். நான் வைத்த கேள்வி அது. ஆகஸ்ட் 11 அன்று அது என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நடுவில் அதை எடுத்தது யார்? நான் இல்லை.

டிசம்பர் 15 அன்று நான் சாட்சி சொல்ல வேண்டும். அண்ணன்கூட, "விழுந்துட்டேன்னு சொல்லிட்டு வா பாப்பா, கேஸு கீஸெல்லாம் நமக்கு எதுக்கு" என்கிறான். அவன் இவ்வளவு சாந்தமாகப் பேசி நான் பார்த்ததில்லை. நீ கேட்டதைச் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கேள்வியை எடுத்தது யார் என்று மட்டும் எழுது.

மேகலா


பெண்கள் சிறை
1 டிசம்பர் 2025

மேகலா,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நான்தான் எடுத்தேன். ஜூலைக் கடைசியில் ஒரே நாளில் முப்பது தடவை ஓட்டிக்கொண்டிருந்தேன். முப்பது தடவையும் அது இந்த டிஸ்க்தானா, இந்த டிஸ்க்தானா என்று கேட்டது. கேட்கிற விதம் அப்படியே நீ. கேஸ் அடுப்பை அணைத்தாயா, கதவைப் பூட்டினாயா என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்பாயே, அது மாதிரி. எரிச்சலில் அழித்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை.

இது மட்டும் என்றால் தப்பு என்று சொல்லி முடித்துவிடலாம். நீ கேட்காததையும் சொல்கிறேன்.

அன்றைக்கு நான் மேலே வந்தபோது திரையில் அந்த ஸ்கிரிப்ட் திறந்தே இருந்தது. ஓட்டும்போது நீ திறந்து வைத்திருந்தாய் போல, டிஸ்க் அழிந்தாலும் திரையில் இருந்தது அப்படியே நின்றது. அழுததில் உனக்குக் கண் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. கேள்வி இருந்த இடத்தில் கேள்வி இல்லை. மூன்று வருஷத்தைக் கொன்றது என் கை என்று அங்கே நின்றபோதே தெரிந்துவிட்டது. நீ தேம்பிக்கொண்டு, "நான் என்ன பண்ணேன்னே தெரியலடி, என்னை மன்னிச்சிருடி" என்றாய்.

என் தப்புக்கு நீ மன்னிப்புக் கேட்டாய். அதை என்னால் தாங்க முடியவில்லை. இன்னும் ஐந்து நிமிஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீயே படித்துக் கண்டுபிடித்துவிடுவாய், அப்புறம் ஆயுசுக்கும் நீ சரி, நான் தப்பு. இருபத்திரண்டு படி இறங்கினேன். திரும்பிப் போய் உண்மையைச் சொல்லலாம் என்று நடுவில் ஒரு தடவை நின்றேன். அப்புறம் மணலில் குத்தி வைத்திருந்த கம்பிகளில் கைக்கு அடக்கமானதை உருவி எடுத்தேன். முதலில் எடுத்தது நீளம் என்று வைத்துவிட்டு வேறொன்று எடுத்தேன். மேலே வந்து, டைப் செய்கிற கையைப் பார்த்துத்தான் அடித்தேன்.

நீ உண்மையைச் சொன்னால், கோபத்தில் கை நீண்டுவிட்டது என்று வக்கீல் கோர்ட்டில் சொல்லப்போகிறார். கோபமே இல்லை மேகலா. பயம். நீ என்னைவிடக் கெட்டிக்காரி என்று எனக்கு எப்போதும் தெரியும். மெமரிப் பகுதி உனக்கு வராது என்று எழுதினேனே, அதில் மூன்று தப்பை நீ திருத்தித்தான் அது ஓடியது.

உன் அண்ணன் செய்ததை மன்னிக்க மாட்டேன். அம்மாவுக்கு இன்னும் கை மேலே போகவில்லை. ஆனால் உன்னிடம் கேட்டதை வாபஸ் வாங்குகிறேன். விழுந்தேன் என்று சொல்ல வேண்டாம். இந்தக் கடிதத்தை என்ன வேண்டுமானாலும் செய்.

புவனா


செட்டிகுளம்
18 டிசம்பர் 2025

புவனா,

கூண்டிலிருந்து உன்னைப் பார்த்தேன். இளைத்திருக்கிறாய். புருவத்தில் தையல் போட்ட இடத்தில் முடி முளைக்கவில்லை.

உன் கடிதத்தைக் கோர்ட்டில் கொடுக்கவில்லை. கொடுத்தால் அரியமுத்து அண்ணன் மாட்டிக்கொள்வார். ஆனால் எல்லாவற்றையும் நீயே கேட்டாய். வந்தாள், பார்த்தாள், இறங்கிப் போனாள், கம்பி எடுத்து வந்தாள், நாலு தடவை அடித்தாள் என்று சொன்னேன். உங்கள் வக்கீல், "திடீர்க் கோபத்தில்தானே?" என்று கேட்டபோது இல்லை என்றேன். நீ தலையைக் குனியாமல் நின்றது எனக்குப் பிடித்திருந்தது.

ஏன் சொன்னேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். பதினான்காம் தேதி காலையில், கோர்ட்டுக்குப் போக வண்டியைக் கழுவலாம் என்று டாட்டா ஏஸின் தார்ப்பாயை விலக்கினேன். வெங்காயச் சாக்குக்கு அடியில் ஈரக் கோணியில் சுற்றி மூன்று அரிவாள் இருந்தன. புதிதாகச் சாணை பிடித்தவை. அண்ணன் பின்னால் வந்து நின்றான். மறைக்கவில்லை. "நீ விழுந்தேன்னு சொல்லு. சாயங்காலம் வுட்டுருவாங்க. கூட்டிப் போக அவ அப்பன் நொண்டிக்கிட்டு ஜெயில் வாசலுக்கு வருவான். ரெண்டு பேரையும் பெரம்பலூர் தாண்ட வுட மாட்டோம்" என்றான். ஏன் அத்தனை சாந்தமாகப் பேசினான் என்று அப்போதுதான் புரிந்தது.

ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். விழுந்தேன் என்று சொன்னால் உன் மேல் எனக்கிருக்கிற ஆத்திரத்தை அண்ணன் தீர்த்து வைப்பான், என் கையில் ரத்தமே படாது. பச்சை கேட் என்று அடையாளம் சொன்னது மாதிரி சுலபமாக முடிந்துவிடும். எனக்கு ஆசையாகக்கூட இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

கோர்ட்டிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அண்ணன் அறைந்தான். வலது கையால் தடுத்ததில் நடுவிரலில் வைத்த தகடு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நேற்று மறுபடி ஆபரேஷன். டாக்டரிடம் மாடிப்படியில் விழுந்தேன் என்று சொன்னேன்.

உன்னை மன்னித்ததாக நினைத்துக்கொள்ளாதே. நான் சொன்ன வார்த்தையில் உனக்கு ஏழெட்டு வருஷம் போகும், அது உனக்கு வர வேண்டியதுதான். ஆனால் அந்த ஏழெட்டு வருஷமும் உயிரோடு இருப்பாய். அண்ணன் காத்துக்கொண்டிருப்பேன் என்கிறான், அவன் காத்திருக்கக் கூடியவன்தான்.

அரியமுத்து அண்ணனிடம் இனி எதுவும் கொடுத்து அனுப்பாதே. விடுதலைத் தேதி தெரிந்த பிறகு ஒரே ஒரு கடிதம் எனக்கு எழுது. தேதியை உங்கள் அப்பாவிடம்கூடச் சொல்லாதே. அன்றைக்கு ஜெயில் வாசலில் நான் வந்து நிற்கிறேன்.

மேகலா